அராஜகம் என்று எழுதும் முன்: செய்தி ஆசிரியர்களுக்கும் பாடநூல் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள செய்தி ஆசிரியர்களே, பாடநூல் எழுதும், மொழிபெயர்க்கும் நண்பர்களே,

வணக்கம். வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் பிறந்த அனார்க்கிசம் என்னும் அரசியல் கொள்கையைப் பற்றி, அதாவது மேலிருந்து ஆள்பவர் இல்லாமலே மக்கள் ஒழுங்காக வாழ முடியும் என்ற கொள்கையைப் பற்றி எழுதும்போது 'அராஜகம்', 'அராஜகவாதி' என்ற சொற்களைப் போடாதீர்கள். வேறு எந்தச் சொல்லைப் போட்டாலும் சரி, இவை மட்டும் வேண்டாம். காரணத்தை விளக்கக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய தமிழில் அராஜகம் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். பேருந்து நிலையத்தில் ரவுடிகள் அராஜகம். ஆளுங்கட்சியினர் அராஜகம். போலீஸ் அராஜகம். அரசன் இல்லாத நிலை என்று பொருள்பட்ட வடசொல், இன்று ஆள்பவர்களே கை ஓங்குவதைச் சொல்லவும் வந்து நிற்கிறது. இதில் எனக்குக் குறை ஏதும் இல்லை. சொற்கள் மக்கள் வாயில் அப்படித்தான் திரியும். ஆனால் அதே நாளிதழின் ஞாயிறு கட்டுரையில் குரொபோட்கின் 'ரஷ்ய அராஜகவாதி' ஆகிறார். அரசியல் அறிவியல் பாடத்தில் 'சர்வதேச அமைப்பு அராஜகத் தன்மை கொண்டது' என்று ஒரு வாக்கியம் வருகிறது. படிக்கும் மாணவிக்கு என்ன தோன்றும்? உலக நாடுகள் எல்லாம் அடாவடி செய்கின்றன என்றுதான் தோன்றும். கென்னத் வால்ட்ஸ் போன்ற சர்வதேச உறவு அறிஞர்கள் சொல்ல வந்தது வேறு. நாடுகளுக்கு மேல் அமர்ந்து கட்டளையிடும் ஓர் அதிகாரம் உலகில் இல்லை, அவ்வளவுதான். அடாவடி நடக்கலாம், நடக்காமலும் போகலாம். அந்த நுட்பத்தை நம் சொல் ஒரே அடியில் சாகடித்துவிடுகிறது.

ஐரோப்பிய மொழிகளிலும் இந்தச் சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு, ஆங்கிலத்திலும் குழப்பம் என்ற பொருள் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் சொல்ல கிரேக்கத்துக்குப் போக வேண்டும்.

'அன்' என்பது இல்லாமையைக் குறிக்கும் முன்னொட்டு. 'ஆர்க்கோஸ்' என்றால் தலைவன். ஹோமரின் இலியட்டில் படைகளின் நீண்ட பட்டியல் ஒன்று வருகிறது. ட்ராய் கரையில் முதலில் குதித்து முதலில் இறந்த புரோட்டெசிலாஸின் ஆட்களைப் பற்றிச் சொல்லும்போது, தங்கள் தலைவனுக்காக அவர்கள் ஏங்கினார்கள், ஆனாலும் 'அனார்க்கோய்' ஆக, அதாவது தலைவன் இல்லாதவர்களாக இல்லை என்கிறான் கவிஞன். பாம்பு கடித்து லெம்னோஸ் தீவில் விடப்பட்ட ஃபிலோக்டெட்டஸின் ஆட்களுக்கும் அதே வரி திரும்ப வருகிறது. இரண்டு இடத்திலும் துக்கம் இருக்கிறது, கலவரம் இல்லை.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் காட்சி எனக்கு இன்னும் பிடித்தது. கி.மு. 479, பிளாட்டியா போர். பாரசீகக் குதிரைப்படையின் தளபதி மசிஸ்தியஸ் கொல்லப்படுகிறான். அவன் உடலை மீட்க முயன்று தோற்ற வீரர்கள் சற்றுத் தொலைவு பின்வாங்கி நிற்கிறார்கள். என்ன செய்வது என்று கூடிப் பேசுகிறார்கள். 'அனார்க்கியா' நிலவியதால், தலைமைத் தளபதி மார்டோனியஸிடம் திரும்பிப் போவது என்று முடிவெடுக்கிறார்கள். கட்டளையிட ஆள் இல்லை, ஆகவே கலந்து பேசி முடிவெடுத்தார்கள். இந்த இடத்தில் 'அராஜகம்' என்று மொழிபெயர்த்துப் பாருங்கள். வீரர்கள் சூறையாடக் கிளம்பிவிட்டது போல் ஆகிவிடும்.

ஏதென்ஸில் இதே சொல் ஆண்டுக் கணக்கில் ஏறியது. அங்கே ஆண்டுகளுக்கு எண் கிடையாது. அந்த ஆண்டின் ஆர்க்கோன், அதாவது தலைமை ஆட்சியாளர், யாரோ அவர் பெயர்தான் ஆண்டின் பெயர். கி.மு. 404-இல் ஸ்பார்ட்டாவிடம் ஏதென்ஸ் தோற்றது. ஸ்பார்ட்டாவின் ஆதரவோடு முப்பது பேர் கொண்ட குழு ஆட்சியைப் பிடித்தது. பிதோடோரஸ் என்பவர் ஆர்க்கோன் ஆனார். முப்பதின்மர் 1500 பேருக்குக் குறையாமல் கொன்றார்கள் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. மக்களாட்சி மீண்டதும் ஏதென்ஸ் மக்கள் பிதோடோரஸின் பெயரை ஏற்க மறுத்தார்கள். அந்த ஆண்டை 'அனார்க்கியா' என்று அழைத்தார்கள் என்று செனஃபோன் எழுதுகிறார். கவனியுங்கள். ஆள்பவர்களுக்குப் பஞ்சமே இல்லாத, அவர்கள் ஊரையே வெட்டிச் சாய்த்த ஆண்டு அது. முறையான ஆர்க்கோன் இல்லை என்பதே பெயரின் பொருள். நம் 'ஆளுங்கட்சி அராஜகம்' என்ற வழக்கை நினைக்கும்போது, சொல் அவ்வளவு தூரம் வழி தவறிவிடவில்லையோ என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

அதே ஐந்தாம் நூற்றாண்டு நாடக மேடையில் சொல்லின் மேல் சண்டை தொடங்கிவிட்டது. சோஃபோக்ளிஸின் நாடகத்தில் அரசன் கிரெயோன், அனார்க்கியாவைவிடப் பெரிய தீமை இல்லை, நகரங்களை அழிப்பது அதுதான் என்கிறான். அவன் அதைச் சொல்வது, தடையை மீறி அண்ணனை அடக்கம் செய்த ஆன்டிகனியைத் தண்டிக்கும்போது. எஸ்கிலஸின் தீப்ஸ் நாடகத்தின் முடிவில் (இந்தப் பகுதி பிற்காலச் சேர்க்கை என்பதே பல அறிஞர்களின் கருத்து) அதே ஆன்டிகனி, நகரத்துக்கு அடங்காத இந்த அனார்க்கியாவைக் காட்ட எனக்கு வெட்கமில்லை என்கிறாள். அரசன் வாயில் வசை, அடங்காதவள் வாயில் துணிவு. பிறகு வந்த நூற்றாண்டுகளின் சண்டை முழுவதும் இந்த இரண்டு வாய்களுக்கு இடையில்தான் நடந்திருக்கிறது.

இங்கே ஒரு சிறு விலகல். கிரேக்கத்தில் 'ஆர்க்கே' என்றால் ஆட்சி, தொடக்கம் என இரண்டும். மொனார்க்கியில் ஆட்சி இருக்கிறது, தொல்லியலைக் குறிக்கும் ஆர்க்கியாலஜியில் தொடக்கம் இருக்கிறது. யோவான் நற்செய்தியின் 'ஆதியிலே' என்பதும் கிரேக்க மூலத்தில் இதே ஆர்க்கேதான். அதனால் 4ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ இறையியலாளர் நாசியான்சு கிரகோரி, கடவுளைப் பற்றிய பழைய கருத்துகள் மூன்று என்று எண்ணி, அவற்றில் ஒன்றான அனார்க்கியாவை ஒழுங்கின்மை என்று ஒதுக்குகிறார். அவரே தந்தையாகிய கடவுளை 'அனார்க்கோஸ்', தொடக்கம் அற்றவர், என்று போற்றவும் செய்கிறார். ரஷ்ய மொழி இதை அப்படியே வாங்கிக்கொண்டது. 'நச்சாலோ' என்றால் தொடக்கம், 'நச்சால்னிக்' என்றால் மேலதிகாரி. 'பெஸ்நச்சாலியே' என்றால் ஆள்பவர் இல்லாத நிலை. திருச்சபை வழிபாட்டிலோ அதே வேர் தொடக்கமற்ற இறைவனைக் குறிக்கிறது. 1905 வாக்கில் பீட்டர்ஸ்பர்க்கில் இயங்கிய ஓர் அனார்க்கிசக் குழு தன் பெயராகவே பெஸ்நச்சாலியேயை வைத்துக்கொண்டது. தமிழ் படித்தவருக்கு இதில் வியப்பு இருக்காது. முதல் என்றால் தொடக்கம், முதல்வர் என்றால் தலைவர். கிரேக்கரும் ரஷ்யரும் கண்ட அதே முடிச்சை நம் மொழியும் தன் போக்கில் கண்டிருக்கிறது.

சரி, மேற்கு ஐரோப்பாவுக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டில் மூர்பெக்கே வில்லியம் அரிஸ்டாட்டிலின் அரசியல் நூலை லத்தீனில் பெயர்த்தபோது 'அனார்க்கியா' உடன் வந்தது. 14ஆம் நூற்றாண்டில் நிக்கோல் ஒரெம் பிரெஞ்சு மன்னர் ஐந்தாம் சார்லஸுக்காக அரிஸ்டாட்டிலைப் பெயர்த்தார். அந்தக் காலத்தில்தான் சொல் பிரெஞ்சுக்குள் நுழைந்தது. ஆங்கிலத்துக்கு 16ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. இத்தாலி, ஸ்பெயின், ஜெர்மனி, ஸ்வீடன், ருமேனியா என எங்கு பார்த்தாலும் ஓசை சற்று மாறி அதே சொல்தான். துருக்கிகூடப் பிரெஞ்சிலிருந்து 'அனார்ஷி' என்று வாங்கியது.

வாங்காமல் தாங்களே சொல் செய்துகொண்டவர்களைத்தான் நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். நம் வேலையை அவர்கள் முன்பே செய்திருக்கிறார்கள். ஐஸ்லாந்து மொழியில் 'ஸ்த்யோர்ன்லேசி', ஆட்சியின்மை. அயர்லாந்து மொழியில் 'அன்ரியல்', விதி இல்லாமை. செக் மொழியில் 'பெஸ்விளாடி', அதிகாரம் இல்லாமை. ஹங்கேரியில் அனார்க்கியா என்ற கடன்சொல்லும் உண்டு, 'ஃபெயெட்லென்ஷேக்' என்ற சொந்தச் சொல்லும் உண்டு. தலையில்லாமை என்று அதற்குப் பொருள், அது குழப்பத்துக்கு. ஜெர்மனியில் கடன்சொல் ஒருபுறம் இருக்க, சட்டமின்மைக்கு ஒரு சொல்லும் ஆண்டான் இன்மைக்கு 'ஹெர்ஷாஃப்ட்ஸ்லோசிக்கைட்' என்று இன்னொரு சொல்லும் வைத்திருக்கிறார்கள். கொள்கையை உடையவர்கள் இரண்டாவதைத்தான் தங்களுக்குச் சொல்லிக்கொள்வார்கள். ஒவ்வொரு மொழியும் எதை 'இல்லை' என்கிறது என்று பாருங்கள். ஒன்று ஆட்சியை, ஒன்று விதியை, ஒன்று தலையை. எதை இல்லை என்று சொல்கிறோமோ அதிலேயே பாதித் தீர்ப்பு முடிந்துவிடுகிறது.

போலந்தின் கதை தனியே சொல்ல வேண்டியது. 'நியெஜொன்ட்' என்றால் ஆட்சியின்மை. ஒரே உறுப்பினர் எதிர்த்தாலும் நாடாளுமன்றம் கலைந்துவிடும் என்ற வழக்கம் 1652 முதல் அங்கே வேர்விட்டது. 'நியெஜொன்டால்தான் போலந்து நிற்கிறது' என்ற பழமொழியை அந்நாட்டுப் பிரபுக்கள் ஒருவகைப் பெருமையோடு சொல்லிக்கொண்டார்கள். அரசனுக்குக் கடிவாளம் இருக்கிறது என்ற பெருமை அது. அண்டை அரசுகளான ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா அதே நிலையைச் சாக்காக வைத்து 1772, 1793, 1795 என மூன்று தவணையில் நாட்டைப் பங்குபோட்டு முடித்தன. (இரண்டாம் தவணையில் மட்டும் ஆஸ்திரியா இல்லை.) நியெஜொன்ட் என்ற சொல் என்ன ஆயிற்று? இன்று போலிஷ் மொழியில் அது பெரும்பாலும் பாலியல் தொழிலைக் குறிக்கிறது. ஒரு நாட்டின் அரசியல் பெருமிதம் அப்படிச் சரிந்தது. அனார்க்கிசத்தைச் சொல்ல இன்று போலிஷ்காரர்கள் கிரேக்கக் கடன்சொல்லைத்தான் எடுக்கிறார்கள். கறைபட்ட உள்நாட்டுச் சொல்லை அவர்கள் கட்டிக்கொண்டு அழவில்லை. நாமும் அதைச் செய்யலாம்.

வசையாகவே இருந்த சொல் எப்போது கொள்கையின் பெயர் ஆனது? இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரைக் கண்ட தத்துவவாதி ஹாப்ஸ் 1651-இல் ஒரு கூர்மையான விஷயத்தைச் சொன்னார். மன்னராட்சி பிடிக்காதவர் அதைக் கொடுங்கோல் என்கிறார், மக்களாட்சி பிடிக்காதவர் அதை அனார்க்கி என்கிறார், ஆட்சியே இல்லாமை ஒரு புதுவகை ஆட்சி என்று எவரும் நம்புவதில்லை என்றார். அதாவது அந்தச் சொல் பொருளைக் காட்டிலும் சொல்பவரின் கோபத்தைத்தான் அதிகம் காட்டுகிறது. 1793-இல், பிரெஞ்சுப் புரட்சியின்போது, பாரிஸில் அரசியல்வாதி பிரிஸோ தன் எதிரிகளை அனார்க்கிஸ்ட்டுகள் என்று ஏசினார். அப்படி ஏசப்பட்ட யாரும் அந்தப் பெயரை விரும்பவில்லை. 1797-இல் பிரான்ஸை ஆண்ட டைரக்டரி என்ற ஐவர் குழு அரசு, முடியாட்சியையும் அனார்க்கியையும் வெறுப்பதாகப் பாதிரியார்களிடம் உறுதிமொழியே வாங்கியது.

1840-இல் அச்சகத் தொழிலாளியாக இருந்து எழுத்தாளரான பியர் ஜோசப் புரூதோன், சொத்து பற்றிய தன் நூலில் 'நான் அனார்க்கிஸ்ட்' என்று எழுதினார். அதோடு, நான் ஒழுங்கை உறுதியாக விரும்புபவன், இந்தச் சொல்லின் முழுப் பொருளிலும் அனார்க்கிஸ்ட் என்றார். எசமான் இல்லாமை, இறையாண்மையாளர் இல்லாமை என்று விளக்கமும் கொடுத்தார். பத்து ஆண்டு கழித்து பெல்கரிக் என்பவர் ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயர் அனார்க்கி, துணைத்தலைப்பு 'ஒழுங்கின் இதழ்'. இரண்டு இதழோடு நின்றுபோனது என்றாலும் அந்தத் துணைத்தலைப்பு போதும், அவர்கள் எதற்காக வாதாடினார்கள் என்று காட்ட. புவியியலாளர் எலிசே ரெக்லூவும் அனார்க்கியே ஒழுங்கின் மிக உயர்ந்த வெளிப்பாடு என்றார்.

வன்முறையை நான் மறைக்கவில்லை. 1894-இல் பிரெஞ்சு அதிபர் கார்னோ, 1898-இல் ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத், 1900-இல் இத்தாலிய மன்னர் உம்பெர்டோ, 1901-இல் அமெரிக்க அதிபர் மெக்கின்லி என நால்வரைக் கொன்றவர்களும் தங்களை அனார்க்கிஸ்ட்டுகள் என்றே சொல்லிக்கொண்டார்கள். குண்டு வைப்பவன் என்ற படம் அந்தப் பத்தாண்டில்தான் சொல்லோடு ஒட்டியது. பிரான்ஸ் 1893-94-இல் கடும் சட்டங்கள் போட்டது. அந்த நெருக்கடியில் 'லிபெர்த்தேர்', அதாவது விடுதலைவாதி, என்ற மாற்றுப்பெயர் அவர்களுக்குக் கை கொடுத்தது. 1857-இல் ஜோசப் தெஜாக் உருவாக்கிய சொல் அது. (அதன் ஆங்கில வடிவத்தைப் பின்னாளில் அமெரிக்கச் சந்தைவாதிகள் எடுத்துக்கொண்டது வேறு கதை.) ஸ்பெயினில் 'அக்ராசியா', அதாவது அதிகாரம் இல்லாமை, என்று கிரேக்க வேரிலிருந்தே இன்னொரு பெயர் செய்து, 1886-இல் பார்சிலோனாவில் அதே பெயரில் ஓர் இதழும் நடத்தினார்கள். அங்கே 1910-இல் தொடங்கிய, அனார்க்கிசச் சார்புள்ள சி.என்.டி. தொழிற்சங்கத்தில் இலட்சக்கணக்கான நெசவாலைத் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும் இருந்தார்கள். அவர்களை ஒரே சொல்லில் 'அராஜகவாதிகள்' என்று எழுதி முடிப்பது அநியாயம்.

நம் பக்கம் இந்தப் பொருள் வந்தபோதே அச்சத்தோடுதான் வந்தது. வால்மீகியின் அயோத்தியா காண்டத்தில் தசரதன் இறந்த பின், அரசனில்லாத நாட்டில் மழை பெய்யாது, விதை விதைக்க மாட்டார்கள், மீன்களைப் போல் மனிதர் ஒருவரை ஒருவர் விழுங்குவார்கள் என்று பெரியவர்கள் வசிட்டரிடம் அடுக்குகிறார்கள். அந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப வரும் 'அராஜக' என்ற வடசொல்தான் நம் அராஜகம். கிரெயோனின் குரல் அதில் ஏற்கெனவே இருக்கிறது.

அதன் மேல் காலனி அரசு தன் முத்திரையைக் குத்தியது. ரௌலட் சட்டம் என்று நாம் படித்ததன் முறையான பெயரைத் தமிழில் சொன்னால் '1919ஆம் ஆண்டின் அனார்க்கிக், புரட்சிக் குற்றங்கள் சட்டம்' என்று வரும். விசாரணையின்றிச் சிறை வைக்க அனுமதித்த அந்தச் சட்டத்தின் குறி குரொபோட்கினைப் படித்தவர்கள் மேல் இல்லை. விடுதலை கேட்ட எல்லோர் மேலும் இருந்தது. அந்தச் சட்டத்துக்கு எதிராக நாடெங்கும் கடையடைப்பு நடத்தலாம் என்ற எண்ணம் காந்திக்குச் சென்னையில் தங்கியிருந்தபோதுதான் தோன்றியது. அதே காந்தி 1916-இல் பனாரஸ் பல்கலைக்கழக விழாவில், நானும் ஓர் அனார்க்கிஸ்ட்தான், ஆனால் வேறு வகை என்றார். அந்த வாக்கியத்தை 'நானும் ஓர் அராஜகவாதிதான்' என்று பெயர்த்தால் என்ன மிஞ்சும்?

எம்.பி.டி. ஆச்சார்யாவையும் நினையுங்கள். 1887-இல் சென்னையில் பிறந்தவர். புதுச்சேரியில் பாரதியோடு 'இந்தியா' இதழில் பணியாற்றியவர். 1920-இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கப்பட்டபோது உடன் இருந்தவர். அந்தப் பாதையோடு முரண்பட்டு, பெர்லினில் இருந்த காலத்தில் அனார்க்கிசத்தை ஏற்று, 1954-இல் பம்பாயில் இறக்கும்வரை அதிலேயே நின்றவர். தமிழ் வாசகர்களுக்கு அவரைச் சரியாகவே அறிமுகம் செய்யவில்லை. செய்கிற ஒன்றிரண்டு வரியிலும் 'அராஜகவாதி' என்று போட்டால், அவர் எதற்காக ஐரோப்பா முழுக்கப் பட்டினியோடு அலைந்து எழுதினார் என்று யார் தேடிப் படிப்பார்கள்?

மக்கள் வழக்கை மாற்றச் சொல்லவில்லை. ரவுடிகள் செய்வதை அராஜகம் என்று தாராளமாக எழுதுங்கள். அட்டூழியம், அடாவடி, அத்துமீறல் என்ற சொற்களும் கைவசம் இருக்கின்றன. கொள்கைக்கு அனார்க்கிசம் என்று அப்படியே எழுதினால் எனக்கு முழுச் சம்மதம். தமிழ்ச் சொல்தான் வேண்டும் என்றால் அரசின்மைவாதம் என்பதைப் பலர் இப்போதே எழுதுகிறார்கள். கிரேக்கச் சொல் மறுப்பது அரசை மட்டுமல்ல, தலைமையையே என்பதால் அதில் எனக்குச் சிறு மனக்குறை உண்டு. இருந்தாலும் அதில் வசை இல்லை. சர்வதேச உறவுப் பாடத்தில் 'மேலதிகாரம் அற்ற அமைப்பு' என்று விரித்தே எழுதலாம், மாணவர்களுக்குப் புரியும். ஏதென்ஸின் அந்த ஆண்டுக்கு 'ஆர்க்கோன் இல்லாத ஆண்டு' போதும்.

பாடநூல் நண்பர்களுக்கு இன்னும் ஒரே ஒரு கோரிக்கை. ரௌலட் சட்டப் பாடத்தில் அதன் முழுப் பெயரையும் கொடுங்கள். விடுதலை கேட்டவர்கள் மேல் அந்தச் சொல்லை அரசு ஏன் ஒட்டியது என்று வகுப்பில் பேச ஒரு கேள்வியும் கீழே சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர்களில் ஒருவர்